ஒன்பது இடத்தில் அளந்தவள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போய்ச் சேர்ந்தபோது அவளுடைய இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். அந்த ஐந்து பேருக்கும் சோறு போட்டது கிள்ளானில் இரும்பைச் சோதித்துப் பார்க்கும் ஒரு லேப். அங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். என்ன வேலை பார்த்தேன் என்பதை இப்போது ஒரு புத்தகத்தில் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

போன மாதம் பிரியா என்ற பெண் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மகள் வீட்டுக்கு வந்தாள். அந்த லேப்பில் இப்போது அவள் எஞ்சினியர். கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு மலர் ஒன்று போட்டிருக்கிறார்களாம், வழவழவென்ற காகிதத்தில். பழைய ஆட்களின் படங்கள் வரிசையாக இருந்தன. கையில் தட்டோடு நான் நிற்கும் படமும் இருந்தது. கீழே எழுதியிருந்ததைப் பிரியா வாசித்தாள்: "எல்லோருக்கும் பிடித்த டீ ஆன்டி, ருக்குமணி."

"படம் நல்லா வந்திருக்குல்ல ஆன்டி?"

"படம் நல்லாத்தான் இருக்கு. நான் டீ ஆன்டின்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நீங்க பேன்ட்ரியில இருந்தீங்கன்னு…"

"கடைசி நாலு வருஷம் இருந்தேன். அதுக்கு முந்தி இருபத்திரெண்டு வருஷம் எங்க இருந்தேனாம்?"

பாவம், அவள் பிறந்து வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. நான் பேச்சை மாற்றி, "இப்ப இரும்புல கிராக்கை யாரு அளக்கிறா?" என்று கேட்டேன்.

"கேமரா ஆன்டி. படம் எடுத்துடும், கம்ப்யூட்டர்ல பாயின்ட் வெச்சு…"

"ஒன்பது பாயின்ட்தானே? இல்ல அதையும் குறைச்சிட்டாங்களா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆன்டிக்கு எப்படித் தெரியும்?"

"நான் அளந்ததும்மா."

அன்றைக்கு அவள் கிளம்பவே இருட்டிவிட்டது. எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னாள். இணையத்தில் போடும் மலரிலாவது திருத்த வைக்கிறேன், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எழுதுவதற்கு நான் எங்கே போவேன்? தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நிறுத்திவிட்டார்கள். என் பெயரைத் தமிழில் எழுதுவேன். எண் எதுவானாலும் வாசிப்பேன், புள்ளிக்குப் பிறகு வருவதையும் சேர்த்து. அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி எழுதுகிறாள்.

கூட்டிப் பெருக்கத்தான் அந்த லேப்புக்குப் போனேன், முதல் சில மாதம். அதை மறைக்கவில்லை. ஒரு மூலையில் பெரிய ஊசல் சுத்தியல் ஒன்று இருக்கும். விரல் பருமனான இரும்புத் துண்டில் சின்ன வெட்டு வைத்து, பனிக்கட்டியைவிடக் குளிரான தொட்டியில் கிடத்தி, எடுத்து ஐந்து எண்ணுவதற்குள் சுத்தியலால் அடிப்பார்கள். துண்டு இரண்டாகும். அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளுவது என் வேலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல் இரண்டு டின்னில் பிரித்துப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சில துண்டுகளின் முகம் சீனி தூவியதுபோல மினுக்கும், சிலவற்றின் முகம் பிய்த்த துணிபோல மங்கலாக நார் நாராக இருக்கும். அரிசியையும் உளுந்தையும் ஒரே டப்பாவில் யாராவது போடுவார்களா?

லேப்பின் தலைவர் திரு. தேவசகாயம் இரண்டு டின்னையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், மெத்தடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர். வெள்ளைச் சட்டையின் கையை ஒரு நாளும் மடித்துவிட மாட்டார்.

"இது ஏன் இங்க, அது ஏன் அங்க?"

"இது படக்குன்னு ஒடைஞ்சது சார். அது மனசில்லாம கிழிஞ்சது."

அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் துடைப்பத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். பழகிக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி, கண்ணெரிச்சல், திரும்பத் திரும்ப அதே திருகு.

வேலை என்னவென்று சொல்லுகிறேன். வெல்டிங் செய்த கனமான தகட்டிலிருந்து ஒரு கட்டையை அறுத்து, அதன் நடுவில் ஒரு வெட்டுப் போடுவார்கள். அந்த வெட்டின் நுனியிலிருந்து நிஜமான விரிசல் வளர வேண்டும். அதற்காக ஒரு மெஷின் அதை மணிக்கணக்காக மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். விரிசல் வளர்ந்ததும் கட்டையைக் குளிரவைத்து, வளைத்து, விரிசலின் வாய் எவ்வளவு திறக்கும்வரை இரும்பு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அது முடிந்ததும் கட்டையைச் சூடு காட்டி விரிசல் போன இடத்தை நிறம் மாற்றி, திரவ நைட்ரஜனில் முக்கி இரண்டாக உடைப்பார்கள். அதற்குப் பிறகு என் முறை. உடைந்த முகத்தில் விரிசல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒன்பது இடத்தில் அளக்க வேண்டும். விரிசலின் விளிம்பு, கஞ்சி வற்றிய சட்டியில் படிந்த கோடு மாதிரி ஏறக்குறைய நேராக இருந்தால்தான் சோதனை செல்லும். கோணிப் போயிருந்தால் செல்லாது. எவ்வளவு கோணலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சராசரியிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த இடமும் விலகக் கூடாது.

சார் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேனாவோடு காத்திருப்பார். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், அவர் எழுதுவார். ஒன்பதும் முடிந்ததும் கட்டையைத் திருப்பி வைத்து மறு ஓரத்திலிருந்து ஒன்பதும் சொல்ல வேண்டும். இரண்டு வரிசையும் ஒத்துப்போனால் தாளை என் முன்னால் தள்ளுவார். "அளந்தவர்" என்ற கட்டத்தில் தமிழில் என் பெயரைப் போடுவேன். ஒத்துப்போகாவிட்டால் "மறுபடி" என்பார். குரல் உயராது. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரத்தில் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று முறை மறுபடி. அதற்குப் பிறகு, "வீட்டுக்குப் போம்மா, இந்தக் கட்டை நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்றார்.

எந்த எண் வந்தால் நல்லது, எது வந்தால் கெட்டது என்று அவர் எனக்குச் சொன்னதே இல்லை. ஒருமுறை கோபத்தோடு கேட்டேன்: "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதான் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறீங்களா?"

"எவ்வளவு வேணும்னு தெரிஞ்சா உன் கண்ணு அங்க போய் நின்னுக்கும், ருக்குமணி. என் கண்ணும்தான் நிக்கும். அதான் நான் திரும்பி உக்காந்திருக்கேன்."

எதற்காக இவ்வளவும் என்பதையும் அவர்தான் சொன்னார். பெரிய கேஸ் தொட்டியை வெல்டிங் செய்த பிறகு அடுப்பில் வைத்துப் பதப்படுத்த முடியாது, அத்தனை பெரிய அடுப்புக்கு எங்கே போவது? அதனால் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எழுதுவார்கள். ஒன்று, இன்ஸ்பெக்டர் கருவி வைத்து வெல்டிங் முழுவதும் தேட வேண்டும். இன்னொன்று, நாங்கள் இரும்பைச் சோதிக்க வேண்டும். "இன்ஸ்பெக்டர் எவ்வளவு தேடினாலும் பொடி விரிசல் ஒண்ணு தப்பிடும். தப்பினதோட அந்தத் தொட்டி நிக்குமா நிக்காதான்னு நாம சொல்றோம். எவ்வளவு சின்னது வரைக்கும் தேடணும், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து பாக்கணும்னு அவங்க முடிவு பண்றது நம்ம நம்பரை வெச்சுத்தான். நம்ம நம்பர் பொய்யா இருந்தா அவங்க தேடுறதும் பொய்." இதைச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் காலையில் அளந்த கட்டையை எடுத்து மறுபடி அளந்தேன்.

சார் ஓய்வு பெற்று ரவாங்கில் மகன் வீட்டுக்குப் போனார். அவர் இடத்துக்குக் குணா வந்தார். சின்ன வயது, நல்ல படிப்பு, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். முதல் நாளே அந்த முதுகு காட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "இது என்ன அக்கா, பாவமன்னிப்பு கேக்கிற மாதிரி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் துறைமுகத்துப் பக்கம் கட்டப்போகும் ஒரு கேஸ் தொட்டிக்கான வெல்டிங் கட்டைகள் வந்தன. வெல்டிங் ஆறும்போது இரும்புக்குள்ளே இழுவிசை ஒன்று மாட்டிக்கொள்ளும். அதோடு விரிசலை வளர்த்தால் ஓரங்களில் ஓடும், நடுவில் சண்டித்தனம் பண்ணும். அதனால் விரிசல் வளர்ப்பதற்கு முன்னால் கட்டையின் இரு பக்கமும் பிரஸ்ஸில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி அந்த இழுவையைச் சமப்படுத்த வேண்டும். சார் காலத்தில் அது இல்லாமல் ஒரு வெல்டிங் கட்டையும் மெஷினுக்குப் போனதில்லை. அன்றைக்குப் பிரஸ் வேறு வேலையில் இருந்தது. ஒரு நாள் காத்திருக்க வேண்டும். குணா காத்திருக்கவில்லை. அழுத்தாமலே அனுப்பினார்.

உடைத்துக் கொண்டுவந்து வைத்தபோதே தெரிந்துவிட்டது. மைக்ராஸ்கோப் தேவையில்லை. நிறம் மாறிய பகுதி இரண்டு ஓரத்திலும் ஆழமாக இறங்கி, நடுவில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அளந்தேன். இருபத்தைந்து புள்ளி எட்டு. இருபத்தேழு புள்ளி இரண்டு. இருபத்தேழு. இருபத்தைந்து புள்ளி ஒன்று. பதினெட்டு புள்ளி ஒன்பது. பதினெட்டு புள்ளி ஆறு. இருபத்து நான்கு புள்ளி ஒன்பது. இருபத்தாறு புள்ளி எட்டு. இருபத்தைந்து புள்ளி ஆறு. எல்லாம் மில்லிமீட்டர். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

"அஞ்சாவது என்ன சொன்னீங்க அக்கா?"

"பதினெட்டு புள்ளி ஒன்பது."

"இருபத்திரெண்டு புள்ளி ஒன்பதா?"

"பதினெட்டு."

"கண்ணாடி போட்டிருக்கீங்களா? நல்லா பாருங்க லா."

"நீங்களே வந்து பாருங்க தம்பி. கண்ணாடி இல்லாமலே தெரியுது."

அவர் எழுந்து வரவில்லை. பார்த்துவிட்டால் பார்த்ததாகிவிடும் அல்லவா? ஐந்தாவதிலும் ஆறாவதிலும் பதினெட்டை இருபத்திரண்டாக்கி எழுதித் தாளை என் பக்கம் தள்ளினார். வெறும் நாலு மில்லிமீட்டர்தான். அந்த நாலு மில்லிமீட்டரில் செல்லாத சோதனை செல்லுபடியாகிவிட்டது.

"இதுல நான் பேரு போட மாட்டேன்."

"ஒரு கையெழுத்து அக்கா. அதுவும் தமிழ்ல. இங்க வர்ற எவனுக்கும் அதைப் படிக்கக்கூடத் தெரியாது."

"தெரியாதுன்னா உங்களுக்கு எதுக்கு அது?"

அவர் சிரித்த முகம் அப்படியே இருக்க, தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வழக்கம்போல உடைந்த இரண்டு பாதியையும் துடைத்து, எண்ணெய் தடவி, எண் சீட்டுக் கட்டி ரேக்கில் வைத்தேன். வாங்குகிறவர்கள் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்ளும்வரை துண்டுகளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மாற்ற அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். எனக்குப் பார்வை மங்கிவிட்டதாம், என் நன்மைக்காக டீ போடும் பேன்ட்ரிக்கு மாற்றுகிறார்களாம். வாசித்துக் காட்டிய பெண் என் முகத்தைப் பார்க்காமலே வாசித்தாள். என் கண்ணை எந்த டாக்டர் பார்த்தார்? எந்தச் சோதனையில் நான் தோற்றேன்? இருபத்திரண்டு வருடம் முடியிழை அகலத்தை அளந்த கண்ணை ஒரே ராத்திரியில் ஒரு தாளை வைத்துக் குருடாக்கினார்கள்.

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. என் கடைசிப் பையன் காலேஜில் இருந்தான். தொட்டியைக் கட்டுவார்கள், கேஸ் நிரப்புவார்கள், பக்கத்தில் வேலியோரமாக ஆட்கள் பைக் நிறுத்திவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தும் டீ கலக்கிக்கொண்டிருந்தேன். என்னைத் துணிச்சல்காரி என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

தொட்டி வாங்குகிறவர்கள் பக்கத்து இன்ஸ்பெக்டர் திரு. ஓங் ரிப்போர்ட்டைச் சரிபார்க்க வந்தார். பல வருடமாக வருகிறவர். நான் மீட்டிங் அறைக்கு டீ கொண்டுபோனபோது தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னையும் தட்டையும் பார்த்தார். அவருக்கும் எனக்கும் எப்போதும் மலாய்தான்.

"அக்கா, இதுல உங்க கையெழுத்தைக் காணோமே. சுருள் சுருளா ஒண்ணு போடுவீங்களே?"

நான் வாய் திறப்பதற்குள் குணா முந்திக்கொண்டார். "அவங்களுக்குக் கண்ணு சரியில்ல, மிஸ்டர் ஓங். அதான் லேசான வேலைக்கு மாத்தியிருக்கோம்."

"அப்படியா அக்கா? கண்ணு சரியில்லையா?"

அவர் கேட்காமலிருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுவிட்டார். தட்டை மேசைமேல் வைத்தேன்.

"பீஸ் ரேக்கில இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நடுவுல பாருங்க."

அறையில் ஒருவர்கூட டீயைத் தொடவில்லை. துண்டு வந்தது. திரு. ஓங் எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் எழுப்பி மைக்ராஸ்கோப் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "கண்ணு சரியில்லாதவங்க அளக்கட்டும், கேப்போம்" என்றார். சாரின் வழக்கம் அவருக்குத் தெரியும், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒன்பதும் சொன்னேன். மறு ஓரத்திலிருந்து ஒன்பதும் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை எடுத்துத் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏழு எண் அப்படியே ஒத்துப்போனது. நடுவில் இரண்டு மட்டும்தான் வேறு.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்," என்றார் குணா.

"ரெண்டு தடவையும் நடுவுலயேவா?" என்றார் திரு. ஓங்.

சோதனை செல்லாது என்று எழுதிவிட்டுப் போனார். புதுக் கட்டை அறுத்தார்கள், பிரஸ்ஸில் அழுத்தினார்கள், விரிசல் நேராக வளர்ந்தது. திரு. ஓங் கேட்டுக்கொண்டதால் அதையும் நான்தான் அளந்தேன், பெயரும் போட்டேன். இரும்பு தேறிவிட்டது. ஆமாம், தேறிவிட்டது. நல்ல இரும்பு, நல்ல வெல்டிங்.

அன்று மாலை குணா பேன்ட்ரி வாசலில் வந்து நின்றார். "பாத்தீங்களா அக்கா? பாஸ். நான் எழுதினதும் பாஸ், இதுவும் பாஸ். இதுக்கா என் மானத்தை வாங்கினீங்க?"

மறுநாளிலிருந்து லேப் முழுவதும் அதே பேச்சு. ஆன்டி சும்மா ரகளை பண்ணிவிட்டாள், கடைசியில் என்ன ஆனது, பாஸ்தானே. எனக்கு அந்தக் கடிதத்தைவிட இந்தப் பேச்சில்தான் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. இரும்பு நல்ல இரும்பு என்று அவருக்கு எப்போது தெரியும்? புதுக் கட்டையை அளந்த பிறகுதானே? அதற்கு முந்தி அவர் கையில் இருந்தது தெரியாத ஒன்று. தெரியாததைத் தெரியும் என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த தொட்டியின் இரும்பு அவருக்குத் தயவு காட்டும் என்று யார் சொன்னது? நேற்றுக் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்கிற ஆளிடம் பிள்ளையின் கையைக் கொடுத்து அனுப்புவீர்களா? இத்தனைக்கும் அவர் மிச்சம் பிடித்தது ஒரே ஒரு நாள். பிரஸ் காலியாகும்வரை ஒரு நாள்.

பொய் எழுதியவருக்கு என்ன ஆனது என்று பிரியா கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. வேறு பெரிய கம்பெனிக்குப் போனார், போகும்போது கேக் வெட்டினார்கள், தட்டில் வைத்து நான்தான் எல்லோருக்கும் கொடுத்தேன். மலரில் நான் தட்டோடு நிற்கும் படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

நான் கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடி போட்டால் பார்வையில் குறையே இல்லை என்று எழுதி வாங்கிக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தேன். வாங்கி என் ஃபைலில் வைத்தார்கள். பழைய கடிதத்துக்கு அடியில் செருகினார்கள், அந்தக் கடிதத்தை எடுக்கவில்லை. புது மேனேஜர்கள் வந்தார்கள், மேலே இருந்ததை மட்டும் படித்தார்கள். நாலு வருடம் டீ போட்டேன். நன்றாகவே போட்டேன். டீ போடுவது கேவலம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனையாகக் கொடுத்த வேலையையே என் பெயராக்கி, அதைப் பாசத்தோடு அச்சடித்திருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பிரியா, உனக்கு ஒன்று. கேமரா அளக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. அதற்கு அவசரமில்லை, காலேஜில் பையன் இல்லை. ஆனால் அது காட்டுகிற எண்ணை எடுத்து ரிப்போர்ட்டில் போடுகிற கை உன்னுடையது. படம் கோணலாக வந்தால் கோணல் என்று எழுது. இரும்பு தேறுமா தேறாதா என்று யோசித்துக்கொண்டு எழுதாதே.

மலரில் என் படத்தை மாற்ற வேண்டாம். கீழே இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "ருக்குமணி. இருபத்திரண்டு வருடம் விரிசல் அளந்தவர். பிறகு நான்கு வருடம் டீ போட்டவர்." இரண்டும் இருக்கட்டும், இரண்டும் நடந்ததுதானே.

யாழினி, போதும். பேனாவை வைத்துவிட்டு முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு, நிதானமாக. பாட்டி பெரிய ஆளாகத் தெரியட்டும் என்று நீயாக ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அந்த இடத்தில் உன்னை நிறுத்துவேன். அதை அடித்துவிட்டு நான் சொன்னதை எழுது.